விசாரணை என்கிற ஒரே சொல்

தமிழ் நாளிதழில் மாவட்டச் செய்திகள் வரும் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். 'விசாரணை' என்ற சொல் ஐந்தாறு இடத்திலாவது இருக்கும். ஒரு நகைத் திருட்டுச் செய்தி 'போலீசார் விசாரணை நடத்தி வருகின்றனர்' என்று முடியும். பக்கத்துச் செய்தியில் ஒரு கொலை வழக்கின் விசாரணை மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் நடந்து முடிந்திருக்கும். ஒரு மர்ம மரணத்தில் ஆர்.டி.ஓ. விசாரணை. சாட்சியை அரசு வக்கீல் கேட்டால் முதல் விசாரணை, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் குறுக்கு விசாரணை. தீர்ப்பே வராமல் சிறையில் கிடப்பவர் விசாரணைக் கைதி. ஸ்டேஷனில் இருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, 'ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஒரு விசாரணைதான்' என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவதும் இதே சொல்தான்.

சட்டத்தில் இவையெல்லாம் ஒன்றல்ல. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் (2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது) மூன்று வேறு கட்டங்களைப் பேசுகிறது. போலீஸ் சாட்சியங்களைத் திரட்டுவது இன்வெஸ்டிகேஷன். மாஜிஸ்திரேட்டோ நீதிமன்றமோ நடத்தும், ஆனால் வழக்கின் முடிவைத் தீர்மானிக்காத ஆய்வு இன்கொயரி. குற்றச்சாட்டைப் பதிவு செய்து, சாட்சிகளைக் கேட்டு, ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வது டிரையல். முதல் இரண்டுக்கும் வரையறை தரும் அந்தச் சட்டம் மூன்றாவதுக்குத் தரவில்லை என்பது ஒரு வேடிக்கை. சட்டத் தமிழில் முதலாவதைப் புலன்விசாரணை அல்லது புலனாய்வு என்று பிரித்து எழுதுகிறார்கள். ஆனால் பேச்சிலும் பத்திரிகையிலும் சினிமாவிலும் மூன்றுமே விசாரணை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்கெட் உண்டு, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு நிலை உண்டு. மூன்று நிலைகளுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டால் எந்த வேலை யார் கையில் இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. யாராவது ஒருவர் அதை அப்படியே அமுக்கிவிடவும் முடியும். வழக்குகளிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். ஒரே சொல்லாக இருப்பதால் போலீஸ் ஸ்டேஷனில் நடப்பதே நீதியின் முழு வேலை என்று நாம் பழகிவிட்டோம். கைது செய்யப்பட்டவுடன் 'குற்றவாளி பிடிபட்டான்' என்று எழுதுகிறோம். என்கவுன்டர் நடந்தால் பட்டாசு வெடிக்கிறோம். 'விசாரணை'தான் முடிந்துவிட்டதே!

இதில் எனக்கு அதிகம் உறுத்துவது இன்னொரு சொல். தமிழ்நாட்டுக் காவல் நிலைய ஆவணங்களிலும் தமிழில் எழுதப்படும் தீர்ப்புகளிலும் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் 'எதிரி'. முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசையாக வரும். எதிர்த்தரப்பில் நிற்பவர் என்ற பழைய பொருளில்தான் அது வந்திருக்க வேண்டும். ஆனால் இன்று ஒரு கிராமத்து மனிதர் தன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைக் காகிதத்தில் பார்க்கும்போது பழைய பொருளா ஞாபகம் வரும்? இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் கைதானவரை சந்தேகநபர் என்கின்றன. ரிமாண்டுக்கு விளக்கமறியல் என்று ஒரு தனிச்சொல் வைத்திருக்கின்றன. நம் ஊரில் 'சிறையில் அடைத்தனர்' என்று எழுதிவிட்டால் தண்டனையும் அதுதான், ரிமாண்டும் அதுதான்.

சொற்களை விட்டுவிட்டு சினிமாவுக்கு வருகிறேன். நம்மில் பெரும்பாலோருக்கு கோர்ட் என்பது சினிமாவில் பார்த்த கோர்ட்தான்.

தமிழ் சினிமாவின் கோர்ட் என்பது ஒரு மேடை. 1952-இல் வந்த பராசக்தியில் இருந்தே அப்படித்தான். பூசாரியைத் தாக்கிய வழக்கில் கூண்டில் நிற்கும் குணசேகரன் பேசுகிறான், நாடே கேட்கிறது. அந்த வசனத்தின் அரசியல் வலிமையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் கவனிப்பது அதன் நடைமுறை இடத்தை. குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியப் பிரமாணம் இல்லாமல், தனக்கு எதிரான சாட்சியங்களுக்கு விளக்கம் சொல்ல ஒரு கட்டம் உண்டு. அன்றைய சட்டத்தில் 342-ஆவது பிரிவு, பிறகு 313, இப்போது 351. தமிழின் மிகப் பிரபலமான நீதிமன்ற உரைக்குச் சட்டத்தில் ஓர் இடம் தேடினால் இந்தப் பிரிவில்தான் கிடைக்கும். நிஜத்தில் அந்தக் கட்டம் எப்படி இருக்கும்? கேள்விகள் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். இன்ன சாட்சி உங்களைப் பற்றி இப்படிச் சொல்லியிருக்கிறார், என்ன சொல்கிறீர்கள்? பெரும்பாலான எதிரிகள் சொல்லும் பதில் ஒரே சொல்: 'பொய்'. அடுத்த கேள்வி. 'பொய்'. அடுத்தது. அதற்கும் அதேதான்.

பராசக்திக்குப் பிறகு கௌரவம், விதி, நேர்கொண்ட பார்வை என்று எத்தனையோ வந்துவிட்டன. விதி படத்தின் வசனக் கேசட் டீக்கடைகளில் ஓடியதை எனக்கு மூத்த தலைமுறை இன்னும் சொல்கிறது. இவை எல்லாவற்றிலும் வழக்கு என்பது கடைசி நாள் வாதம். அதற்கு முன்னால் ரிமாண்ட் இல்லை, ஜாமீன் மனு இல்லை, வாய்தா இல்லை. 'குற்றச்சாட்டு வனைதல்' என்று சட்டத் தமிழில் ஓர் அழகான பிரயோகம் இருக்கிறது. குயவர் பானை வனைவதுபோல. அந்தச் சக்கரம் சுற்றுவதை நான் எந்தத் தமிழ்ப் படத்திலும் பார்த்ததில்லை.

வெற்றிமாறனின் விசாரணை (2015) இந்த மேடையை உடைத்தது. இது அதன் முதல் சாதனை என்பேன். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூரில் பொய் வழக்கில் சிக்கிப் பட்டதை எழுதிய 'லாக்கப்' புத்தகத்தில் இருந்து படத்தின் முதல் பாதி வருகிறது. பூங்காவில் படுத்துத் தூங்கும் தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திரப் போலீஸ் தூக்கிக்கொண்டு போகிறது. ஏன் என்று அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. அடிக்கிறார்கள். ஒத்துக்கொள் என்கிறார்கள். எதை ஒத்துக்கொள்வது என்றே வெகுநேரம் தெரியவில்லை.

இங்கே சட்டம் படிக்காத பார்வையாளருக்கு வராத ஒரு கேள்வி இருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25-ஆவது பிரிவு அதைத்தான் சொன்னது, புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்துப் போலீசைப் பற்றி ஆங்கிலேயருக்கே இருந்த சந்தேகம் அது. சரி, செல்லாத வாக்குமூலத்துக்கு எதற்கு இவ்வளவு அடி? படம் இதற்குத் துல்லியமான பதில் வைத்திருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது ஸ்டேஷனில் ஒப்புக்கொள்வது இல்லை, மாஜிஸ்திரேட் முன்னால் போய் நின்று ஒப்புக்கொள்வது. அங்கே ஒத்துக்கொண்டால் சாட்சி வேண்டாம், குறுக்கு விசாரணை வேண்டாம், கேஸ் முடிந்தது. மூன்று கட்டங்களையும் ஸ்டேஷன் சுவருக்குள்ளேயே முடித்து, கடைசிக் கையெழுத்துக்கு மட்டும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். படத்தின் தலைப்பு நமது சொல்லின் குழப்பத்தை அப்படியே எடுத்து, அது குழப்பம் இல்லை, நடைமுறையே அதுதான் என்று காட்டுகிறது.

அந்தக் கோர்ட் காட்சியைத் திரும்பப் பாருங்கள். சில நிமிடங்கள்தான். பாண்டி தமிழில் கதறுகிறான், நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. அங்கே வேறு வேலையாக வந்திருக்கும் தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல் மொழிபெயர்க்கிறார். விடுதலை கிடைக்கிறது. தியேட்டரில் நான் பார்த்தபோது கைதட்டல் எழுந்தது. ஆனால் என்ன நடந்திருக்கிறது? குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் நீதிபதிக்கும் நடுவில் இருக்கும் மொழிப் பள்ளத்தை ஒரு போலீஸ்காரர் நிரப்பியிருக்கிறார். அவர் நல்லவராக இருந்தது தற்செயல். அவர் அந்தக் கோர்ட்டுக்கு வந்த காரணம், அங்கே சரணடைய வரும் ஆடிட்டர் கே.கே.யைத் தூக்கிக்கொண்டு போவது. கே.கே. ஏன் அடுத்த மாநிலத்துக் கோர்ட்டில் சரணடைய வருகிறார்? போலீஸ் கையில் சிக்காமல் நீதிமன்றக் காவலுக்குள் போய்விடத்தான். போலீஸ் காவலுக்கும் நீதிமன்றக் காவலுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் படத்தில் அவர்தான். படித்தவர், பணக்காரர். தெரிந்தும் அவரும் தப்பவில்லை.

இரண்டாம் பாதி பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. முதல் பாதியில் உடம்பு பேசுகிறது. இரண்டாம் பாதியில் அதிகாரிகள் பேசுகிறார்கள். 'சிஸ்டம்' எப்படி இயங்குகிறது என்பதை முத்துவேலின் மனசாட்சி நமக்கு விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பழைய மேடை, கோர்ட்டில் இருந்து ஸ்டேஷனுக்கு இடம் மாறிவிட்டதோ என்று தோன்றும் சில நிமிடங்கள் அவை.

ஜெய் பீம் (2021) வேறு விதமான படம். அதை வெறும் ஹீரோ வக்கீல் படம் என்று ஒதுக்கும் விமர்சனங்களைப் படித்தேன். பாதி சரி. செங்கேணியின் கதையாகத் தொடங்கி சந்துருவின் கதையாக முடிகிறது என்பது உண்மை. லிஜோமோள் ஜோஸின் முகத்தில் இருந்த கனத்தை சூர்யாவின் நிமிர்ந்த நடை பல இடங்களில் லேசாக்கிவிடுகிறது. 1993-இல் கடலூர் மாவட்டத்தில் நடந்த ராஜாக்கண்ணு காவல் மரணத்தை வைத்து எடுத்த படம் இது. ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படம் அவரை இருளராக்கியது. அதற்கான விமர்சனமும் நியாயமானதே.

ஆனால் இயக்குநர் த.செ. ஞானவேல் ஒன்றைச் செய்தார். ஒரு நடைமுறைக் கேள்வியையே திரைக்கதையின் திருப்பமாக்கினார். ஆட்கொணர்வு மனு என்பது டிரையல் இல்லை. உயர் நீதிமன்றம் காகிதங்களை, பிரமாணப் பத்திரங்களைப் பார்த்து முடிவு செய்யும். சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேட்பது வழக்கமில்லை. போலீஸ் 'அவங்க தப்பிச்சு ஓடிட்டாங்க' என்று பிரமாணப் பத்திரம் போட்டுவிட்டால் வழக்கு அங்கேயே செத்துவிடும். அந்த இடத்தில் சந்துரு, கேரளத்து ராஜன் வழக்கை முன்னுதாரணமாகக் காட்டி, சாட்சிகளை விசாரிக்க அனுமதி வாங்குகிறார். சட்டப் புத்தகத்தில் ஒரு வரி கண்டுபிடித்ததற்காக ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்த தமிழ்ப் படம் வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

ராஜன் யார் என்று படம் நின்று சொல்வதில்லை. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச்சில் போலீஸ் கொண்டுபோனது. அப்பா ஈச்சர வாரியர் அலைந்து அலைந்து, நெருக்கடி நிலை முடிந்ததும் 1977-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்தது. போலீஸ் காவலில்தான் இருந்தார் என்று நிரூபணமானது. முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக வேண்டிவந்தது. ராஜனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பொறியியல் படித்த எனக்கு, ஹாஸ்டலில் இருந்து ஒருத்தனைக் கொண்டுபோவது என்றால் அந்தக் காரிடாரும் விடிகாலை வெளிச்சமும் உடனே கண்ணுக்கு வந்துவிடும்.

ஹேபியஸ் கார்பஸ் என்ற லத்தீனுக்கு நேரடிப் பொருள் உடலைக் கொண்டிருத்தல். கார்பஸ் என்றால் உடல். உயிரோடு இருப்பதா இல்லையா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. தமிழாக்கியவர்கள் ஆட்கொணர்வு என்றார்கள். ஆள்! ஆள் என்றால் தமிழில் உயிரோடு இருக்கிறவன். 'ஆள் இருக்கா?' என்று கேட்டால் யாரும் பிணத்தைக் கேட்கவில்லை. லத்தீனில் இல்லாத ஒரு நம்பிக்கை அந்தத் தமிழ்ச் சொல்லில் இருக்கிறது. ஜெய் பீமில் செங்கேணி கேட்பது ஆளை. நீதிமன்றம் கடைசியில் அவளுக்குக் கண்டுபிடித்துக் கொடுப்பது உடல் போன கதையை. படத்தின் மிக ஆழமான துயரம் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. படம் அதைத் தெரிந்து செய்யவில்லை என்றாலும் எனக்குக் கவலையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். கீழமை நீதிமன்றங்களில் தமிழ் நடக்கிறது. மேலே போனதும் செங்கேணிகளின் கதை அவர்களுக்குப் புரியாத மொழியில்தான் வாதிக்கப்படும். படம் எல்லோரையும் தமிழில் பேசவைத்து அதை மறைத்துவிடுகிறது. வணிகப் படத்துக்கு வேறு வழியில்லைதான். ஆனால் அந்தப் பெண் தன் கணவனைப் பற்றிய வாதத்தைப் புரியாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு காட்சி இருந்திருந்தால், அதை எந்தக் குறுக்கு விசாரணையும் மிஞ்சியிருக்காது.

அந்தக் காட்சியை மராத்தியில் எடுத்திருக்கிறார்கள். சைதன்ய தம்ஹாணேவின் 'கோர்ட்' (2014), சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கியது. மும்பை அமர்வு நீதிமன்றம். நாராயண் காம்ப்ளே என்ற வயதான தலித் பாடகர் மீது தற்கொலைக்குத் தூண்டிய வழக்கு. சாக்கடைக்குள் இறங்கி இறந்த ஒரு தொழிலாளி, அவர் பாட்டைக் கேட்டுத்தான் தற்கொலை செய்துகொண்டார் என்பது போலீஸ் கதை. இதைவிட அபத்தமான குற்றச்சாட்டு இருக்க முடியாது. படம் அந்த அபத்தத்தைப் பார்த்து ஒருமுறைகூடக் குரலை உயர்த்துவதில்லை. கேமரா ஒரு மூலையில் நிற்கிறது. சாட்சி தன் மொழியில் ஏதோ சொல்கிறார். நீதிபதி அதைச் சுருக்கித் தட்டச்சருக்குச் சொல்கிறார். பதிவாவது நீதிபதி சொன்னதுதான். ஒரு மனிதரின் வாயில் இருந்து வந்தது ஆவணமாக மாறும் அந்த நொடியை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய இந்தியப் படம் வேறில்லை.

இறந்தவரின் மனைவி கூண்டில் ஏறுகிறார். கணவர் எப்படி வேலை செய்வார் என்று கேட்கிறார்கள். பாதுகாப்புக் கருவி எதுவும் கிடையாது. உள்ளே இறங்குவதற்கு முன் கரப்பான் பூச்சி வெளியே வருகிறதா என்று பார்ப்பார், வந்தால் விஷவாயு இல்லை என்று அர்த்தம். நாற்றம் தாங்கக் குடிப்பார். அவ்வளவுதான். அழுகை இல்லை, பின்னணி இசை இல்லை. வழக்கு உண்மையில் அங்கேயே உடைந்துவிட்டது. ஆனால் யாரும் எழுந்து நின்று மேஜையைத் தட்டுவதில்லை. அடுத்த தேதி கொடுக்கிறார்கள்.

அடுத்த தேதிக்குத் தமிழில் வாய்தா. 'வாக்குறுதி' என்று பொருள்படும் உருது 'வாதா'வின் உறவுக்காரச் சொல். நம் கோர்ட்டுத் தமிழில் பாதி அந்த வழியில் வந்ததுதான்: வக்கீல், வக்காலத்து, ஜாமீன், கைதி, ஜப்தி. இதில் ஜாமீன் என்பது மூலத்தில் ஓர் ஆளைக் குறிக்கும் சொல், பொறுப்பேற்று நிற்பவர் என்று. ஒருமுறை தெரிந்தவர் ஒருவருக்கு அப்படிப் பொறுப்பேற்க வீட்டு வரி ரசீதும் ஆதார் நகலுமாக ஒரு கோர்ட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். டவாலி ஒவ்வொரு பெயராக மூன்று தடவை கூப்பிடுவார். யாராவது ஓடி வந்து கைகட்டி நிற்பார்கள். பெஞ்ச் கிளார்க் தலையைத் தூக்காமல் ஒரு தேதியைச் சொல்வார். ஓடி வந்தவர், அருப்புக்கோட்டையோ அரக்கோணமோ, ஒரு நாள் கூலியை விட்டு வந்திருப்பார். அரை நிமிடம். மத்தியானத்துக்குள் முப்பது நாற்பது பேர் இப்படி வந்து போனார்கள். வாதம் என்று ஒன்றை அன்று நான் கேட்கவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் இருந்த பெரியவர், 'தம்பி, பத்தொம்பதாவது வாய்தா' என்றார், வயதைச் சொல்வதுபோல.

இந்த அரை நிமிடத்தைத்தான் தமிழ் சினிமா இன்னும் எடுக்கவில்லை. வெற்றிமாறன் ஸ்டேஷனை எடுத்துவிட்டார். ஞானவேல் உயர் நீதிமன்றத்தை எடுத்தார். இரண்டுக்கும் நடுவில், வழக்குகள் உண்மையில் வாழ்ந்து வயதாகிற இடம் காலியாகக் கிடக்கிறது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பு வராதவர்கள். கைது செய்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. இந்த எண்களைத் தெரிந்தவர்கள் வெளியே வந்துவிடுகிறார்கள். தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் சூரிட்டிக்கு ஆள் கிடைக்காதவர்களுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் விசாரணைக் கைதி. அவர்களில் பலருக்கு டிரையல் என்ற பொருளில் விசாரணையே தொடங்கியிருக்காது.

காம்ப்ளேவுக்கு ஜாமீன் கிடைக்கிறது. கொஞ்ச நாளில் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் மறுபடி கைது. அந்தச் சட்டத்தில் 90 நாளை 180 ஆக நீட்டிக்கலாம். அவருடைய வக்கீல் வோரா மனு போடுகிறார், உடல்நிலையைச் சொல்கிறார். நீதிபதி மறுக்கிறார். மறுநாளில் இருந்து கோடை விடுமுறை, ஒரு மாதம். எல்லோரும் எழுந்து போகிறார்கள், ஊழியர் ஒவ்வொரு விளக்காக அணைக்கிறார், திரை இருட்டாகிறது. படம் முடிந்தது என்று நினைத்து நான் எழுந்தேன். முடியவில்லை. நீதிபதி குடும்பத்தோடு ஒரு ரிசார்ட்டுக்குப் போகிறார். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்குகிறார். குழந்தைகள் காதருகே கத்திவிட்டு ஓடுகிறார்கள். கையில் சிக்கிய ஒரு பையனை அறைகிறார். பையன் அழுதுகொண்டே போகிறான். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறார். காம்ப்ளே உள்ளே இருக்கிறார். படம் அவரிடம் திரும்பிப் போவதில்லை.